அழிக்க முடியாத வாட்டர்மார்க் கேட்கிறவர்களுக்கு

எங்கள் படக் களஞ்சியத்தில் பூச்சி, பறவை, செடி என்று இயற்கைப் படங்கள் மட்டும்தான். படம் எடுப்பவர்கள் அனுப்புவார்கள், நாங்கள் அதைச் சிறிதாக்கி முன்னோட்டமாகத் தளத்தில் வைப்போம், வேண்டியவர்கள் உரிமம் வாங்கிக்கொண்டு முழு அளவுப் படத்தை இறக்கிக்கொள்வார்கள். இதன் தொழில்நுட்ப வேலை என் பொறுப்பு. புதிதாகச் சேரும் படக்காரர்களில் பாதிப் பேராவது என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, யாராலும் அழிக்க முடியாத வாட்டர்மார்க் (படம் யாருடையது என்று காட்டப் படத்தில் போடும் குறி) எது என்பதுதான்.

அனுபவமுள்ள ஒரு மூத்த படக்காரர் கேள்வியெல்லாம் கேட்கவில்லை, நேராகத் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "தம்பி, லோகோவை நல்லா பெருசா நடுவுல போட்டுடுங்க. எவன் எடுக்குறான்னு பார்ப்போம்." சரி சார், பார்த்துவிடுவோம் என்றேன். அவருடைய படங்களையே, அவர் சம்மதத்தோடு, உடைத்துப் பார்க்க எடுத்துக்கொண்டேன். அதிலிருந்து எது வந்தாலும் தளத்தில் ஏற்றும் முன் நானே தாக்கிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. சொந்தப் படத்தைத் தாக்குவதில் ஒரு சௌகரியம் உண்டு. அசல் கையில் இருக்கிறது, அழிப்பு எவ்வளவு சுத்தமாக நடந்தது என்று பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியும் லோகோவில் தொடங்குகிறேன். அரைகுறையாக ஒளி ஊடுருவும் லோகோ என்பது ஒரு கூட்டல் கணக்கு. வெள்ளை லோகோவை 40 சதவீத அடர்த்தியில் போட்டால், ஒவ்வொரு பிக்சலும் அசலில் 60 சதவீதமும் வெள்ளையில் 40 சதவீதமும் சேர்ந்ததாக மாறும். அசல் மதிப்பு 100 என்று வையுங்கள். 0.6 பெருக்கல் 100, அதோடு 0.4 பெருக்கல் 255. 60 கூட்டல் 102, ஆக 162. இப்போது லோகோவின் வடிவமும் அடர்த்தியும் தெரிந்த ஒருவர் 162-இல் இருந்து 102-ஐக் கழித்து 0.6 ஆல் வகுத்தால் மறுபடி 100 வந்துவிடும். இதில் யூகம் எதுவும் இல்லை, அசலே திரும்பி வருகிறது.

லோகோவின் வடிவமும் அடர்த்தியும் அவருக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரே லோகோவை, ஒரே அளவில், ஒரே அடர்த்தியில் எல்லாப் படத்திலும் போடுகிறோம் அல்லவா. சில நூறு முன்னோட்டப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் பக்கத்துப் பிக்சலோடு உள்ள வேறுபாட்டின் நடு மதிப்பை எடுத்தேன். தும்பி, குருவி, இலை எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாம்பல் நிறமாகிவிட்டன. மிஞ்சி நின்றது எங்கள் லோகோ மட்டும். எழுத்தின் வளைவு, அதன் ஓரத்தில் இருந்த மெல்லிய நிழல் உட்பட. அந்தப் படத்தை மூத்தவருக்கு அனுப்பினேன். அவர் வெகு நேரம் பதில் போடவில்லை.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் சிவிபிஆர் என்ற கணினிப் பார்வை ஆய்வு மாநாட்டில் இதையே முறையாகச் செய்து காட்டினார்கள். பெரிய ஸ்டாக் படத் தளங்களின் முன்னோட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு வாட்டர்மார்க்கையும் அதன் அடர்த்தியையும் தானாகவே கணித்து, படங்களைச் சுத்தமாக்கினார்கள். அந்த ஆய்வில் எனக்கு அதிகம் பயன்பட்டது தற்காப்புப் பகுதி. லோகோவின் இடத்தைப் படத்துக்குப் படம் மாற்றுவது பெரிதாக உதவாது. அடர்த்தியைச் சற்று மாற்றுவதும் அப்படித்தான். ஆனால் லோகோவின் வடிவத்தையே ஒவ்வொரு படத்திலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெளித்துவிட்டால், கழித்தல் கணக்கு பொருந்தாமல் போய், எழுத்துகளின் ஓரத்தில் தழும்பு நிற்கிறது. நாங்கள் இப்போது செய்வது இதைத்தான். நெளிப்பு அளவு சீரற்ற எண்ணிலிருந்து வருகிறது, அந்த எண்ணை எங்கேயும் சேமிப்பதில்லை.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஜேபெக் சுருக்கத்தால் ஒரு பிக்சலில் 3 அளவு பிழை வந்திருந்தால், 0.6 ஆல் வகுக்கும்போது அது 5 ஆகும், கண்ணுக்குத் தெரியாது. லோகோ 90 சதவீத அடர்த்தியில் இருந்தால் 0.1 ஆல் வகுக்க வேண்டும், அதே பிழை 30 ஆகிவிடும். அதாவது அடர்த்தி கூடக் கூடத் திரும்பக் கணக்கிடுவது கெட்டுப்போகும். ஆனால் 90 சதவீத லோகோவுக்குப் பின்னால் இருக்கும் படத்தை எந்த வாடிக்கையாளரும் பார்த்து வாங்கமாட்டார். அதோடு இன்று ஏ.ஐ. நிரப்பிகள் வந்துவிட்டன. அவை கணக்குப் போடுவதில்லை, அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று கற்பனையாக வரைந்துவிடுகின்றன. மங்கலான பின்னணி மேல் லோகோ இருந்தால் அவற்றுக்கு அது வேலையே இல்லை. அதனால் லோகோவை நுணுக்கம் மிகுந்த இடத்தின் மேல் விழவைக்கிறோம்: இறகு, இறக்கை நரம்பு, பூவின் மகரந்தம். மூலையில் சின்னதாகக் கையெழுத்துப் போடுபவர்களிடம் நான் வாதாடுவதில்லை. மூலையைக் கிராப் செய்ய யாருக்கும் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க். விற்பவர்கள் இதைப் பற்றிப் பேசும்போது நம்பிக்கை பொங்கும். என் சோதனையில் இதன் கதை வேறு மாதிரி.

மிகப் பழைய வழி, பிக்சல் மதிப்பின் கடைசி பிட்டில் தகவலை ஒளிப்பது. 150 என்பது 151 ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒருமுறை ஜேபெக்காகச் சேமித்தால் போதும், எல்லாம் போச்சு. யாரும் தாக்கவே வேண்டாம். படத்தை மெசேஜில் அனுப்பினாலே தானாக நடந்துவிடும். இதை இன்னும் பாதுகாப்பு என்று விற்கும் மென்பொருள்கள் இருக்கின்றன.

அதற்கு அடுத்த தலைமுறை, தகவலை அதிர்வெண்களில், அதாவது வெளிச்சம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைச் சொல்லும் எண்களில், வைக்கிறது. ஜேபெக் படத்தை 8-க்கு 8 கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் டிசிடி என்ற உருமாற்றத்தால் அதிர்வெண் எண்களாக்கி, அவற்றை ஒரு அட்டவணையின் எண்களால் வகுத்து முழு எண்ணாக்குகிறது. வகுக்கும் எண் 16 என்றால், வாட்டர்மார்க் 5 அளவு மட்டும் தள்ளியிருந்தால் பெரும்பாலும் காணாமல் போகும். 1997-இல் காக்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதற்கு ஒரு நல்ல பதில் சொன்னார்கள். வாட்டர்மார்க்கைப் படத்தின் முக்கியமில்லாத நுணுக்கங்களில் ஒளிக்காதே, படத்தைப் படமாக வைத்திருக்கும் பெரிய எண்களிலேயே பரப்பி வை. அதை அழித்தால் படமும் அழியும். முழுப் படத்தின் டிசிடி-யில் மிகப்பெரிய 1000 எண்களை எடுத்து அவற்றில் பரப்பினார்கள். இன்றைக்கும் இந்த எண்ணம் அருமையானது.

ஆனால் நாங்கள் முதலில் சோதித்த கருவி தகவலை 8-க்கு 8 கட்டம் கட்டமாக வைத்தது. சுருக்கத்தை நன்றாகவே தாங்கியது. தரம் 50-இல் சேமித்தும் குறி வந்தது, சந்தோஷப்பட்டேன். பிறகு இடது ஓரத்தில் 3 பிக்சலை வெட்டினேன். அவ்வளவுதான், கண்டறியும் கருவி கைவிரித்துவிட்டது. வாட்டர்மார்க் படத்தில் அப்படியே இருக்கிறது, எங்கே தேடுவது என்றுதான் கருவிக்குத் தெரியவில்லை, கட்டங்கள் நகர்ந்துவிட்டன. இந்த வகைத் தாக்குதலை 1990-களின் பிற்பகுதியிலேயே கேம்பிரிட்ஜில் பெட்டிகோலாஸ், ஆண்டர்சன், கூன் மூவரும் ஸ்டிர்மார்க் என்ற கருவியாகவே செய்து வெளியிட்டார்கள். படத்தை மெல்ல இழுத்து, சாய்த்து, வளைத்து, அச்சடித்து ஸ்கேன் செய்தது போல ஆக்கும். மனிதக் கண்ணுக்கு அதே படம், கண்டறியும் கருவிக்கு அந்நியப் படம். இவர்கள் சொன்ன இன்னொரு தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: படத்தைத் தொடவே வேண்டாம், சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வலைப்பக்கத்தில் ஒட்டினாற்போல் அடுக்கிவிடு. பார்ப்பவருக்கு முழுப் படம், வலையில் தேடித் திரியும் கருவிக்கோ வாட்டர்மார்க் படிக்க முடியாத அளவுக்குச் சிறிய துண்டுகள்.

இன்று நரம்பியல் வலையமைப்பு என்ற ஏ.ஐ. முறையில் போடும் வாட்டர்மார்க்குகள் இந்தப் பழைய சோதனைகளை எல்லாம் பெருமளவு தாண்டுகின்றன. கிராப், சிறிதாக்கல், வண்ண மாற்றம் எல்லாவற்றையும் பயிற்சியிலேயே காட்டி வளர்த்திருக்கிறார்கள். அச்சடித்து கேமராவில் மறுபடி எடுத்தாலும் படிக்கக்கூடியவை உண்டு. அதனால் நானும் கொஞ்ச காலம் இதில் நம்பிக்கை வைத்திருந்தேன், டிஃப்யூஷன் மாடலை வைத்துத் தாக்கிப் பார்க்கும் வரை.

கருத்து எளிது. படத்தின் மேல் கொஞ்சம் இரைச்சலைச் சேர், பிறகு படம் வரையும் ஏ.ஐ. மாடலிடம் கொடுத்து இரைச்சலை நீக்கச் சொல். இரைச்சலோடு வாட்டர்மார்க்கும் மூழ்கிவிடும். மாடல் திரும்ப வரைவது தன் பயிற்சியில் பார்த்த மாதிரியான படத்தை, அதில் வாட்டர்மார்க் இருக்காது. 2023-இல் வந்த ஒரு ஆய்வு, பிக்சல் அளவில் கண்ணுக்குத் தெரியாமல் சேர்க்கப்படும் எந்த வாட்டர்மார்க்கும் இந்த வழியில் போய்விடும் என்று கணிதமாகவே நிறுவியது. 2024-இல் நியூரிப்ஸ் என்ற ஏ.ஐ. ஆய்வு மாநாட்டையொட்டி வாட்டர்மார்க்கை அழிப்பதற்கென்றே ஒரு போட்டி வைத்தார்கள். முன்னணி அணிகள் பெரும்பாலான படங்களில் அழித்துக் காட்டின. படம் உருவாகும்போதே அதன் தொடக்க இரைச்சலில் வடிவத்தை வைக்கும் ட்ரீ-ரிங் போன்ற முறைகள் இதற்குக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கின்றன. ஆனால் அவை ஏ.ஐ. வரையும் படத்துக்கானவை. கேமராவில் எடுத்த தும்பிக்கு அவற்றை எப்படிப் போடுவது?

நான் தாக்கிப் பார்த்த படம் ஒரு தும்பியின் நெருக்கக் காட்சி. வாட்டர்மார்க் போயே போய்விட்டது. முதல் பார்வைக்குப் படமும் அதேதான். பிறகு இறக்கையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தும்பியின் இறக்கை என்பது நரம்புகளால் பிரிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன அறைகள். எந்த நரம்பு எங்கே பிரிகிறது என்பதை வைத்துத்தான் இனம் கண்டுபிடிப்பார்கள். புதுப் படத்தில் இரண்டு அறைகள் ஒன்றாகியிருந்தன. ஒரு நரம்பு பாதியில் நின்றது. இறக்கை நுனிக்கருகில் இருக்கும் கருநிறத் திட்டு கொஞ்சம் நீண்டிருந்தது. பூச்சியியல் புத்தகத்துக்கு அந்தப் படம் உதவாது. காலண்டருக்கும் போஸ்டருக்கும் தாராளமாகப் போகும், திருடுகிறவர்களுக்குத் தேவையும் அதுதான். இருந்தாலும் இந்தத் தவறுகள் எனக்கு உதவின. அசலோடு பக்கத்தில் வைத்தால், எது பார்த்து வரைந்தது என்பது யாருக்கும் விளங்கும்.

கண்டறியும் கருவியை யார் கையில் கொடுக்கிறோம் என்பது பலரும் கவனிக்காத விஷயம். படக்காரர்கள் சிலர் கேட்டார்கள், தளத்திலேயே ஒரு பக்கம் வையுங்கள், யார் வேண்டுமானாலும் படத்தைப் போட்டு நம்முடையதா என்று பார்க்கட்டும் என்று. நான் சம்மதிக்கவில்லை. தாக்குபவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. படத்தைக் கொஞ்சம் மாற்றுவார், கேட்பார். ஆம் என்றால் இன்னும் கொஞ்சம் மாற்றுவார், இல்லை என்றதும் நிறுத்திக்கொள்வார். படம் கெடாமல் வாட்டர்மார்க் மட்டும் விழும் எல்லையை நம் கருவியே காட்டிக்கொடுத்துவிடும். சதவீதமாகப் பதில் சொன்னால் வேலை இன்னும் சுலபம். இது 1990-களின் இறுதியிலேயே ஆய்வுகளில் வந்த தாக்குதல். எங்கள் கருவி உள்ளேயே இருக்கிறது, சந்தேகப் படங்களை எங்களுக்கு அனுப்பினால் நாங்கள் பார்த்துச் சொல்வோம்.

அப்புறம், 'இருக்கிறது' என்று கருவி சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எங்கள் குறி 32 பிட். தாக்கப்பட்ட படங்களில் சில பிட்கள் கெட்டுப்போகும் என்பதால், 24 பிட் பொருந்தினால் போதும் என்று தளர்த்தலாமா என்று ஒரு யோசனை வந்தது. கணக்குப் போட்டேன். வாட்டர்மார்க்கே இல்லாத படத்தில் ஒவ்வொரு பிட்டும் தற்செயலாகப் பாதிக்குப் பாதி பொருந்தும் என்று கொண்டால், 32-உம் பொருந்த சுமார் 430 கோடியில் ஒரு வாய்ப்பு. 24 அல்லது அதற்கு மேல் பொருந்த ஆயிரத்துக்கு 3.5. கேட்க அற்பமாகத் தெரியும். வலையில் ஒரு லட்சம் படத்தைத் தேடினால் 350 அப்பாவிகள் மேல் பழி விழும். யோசனையைக் கைவிட்டோம். போதாக்குறைக்கு, ஒரு படத்திலிருந்து வாட்டர்மார்க்கைக் கணித்து எடுத்து இன்னொரு படத்தில் ஒட்டும் நகல் தாக்குதலும் உண்டு. 2000-இலேயே அதைச் செய்து காட்டிவிட்டார்கள். ஆகவே வாட்டர்மார்க் கிடைத்தது என்பதை வைத்து மட்டும் நான் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை. கிடைக்கவில்லை என்பதை வைத்துப் படம் வேறு என்றும் முடிவு செய்வதில்லை. ஏ.ஐ. படங்களைக் கண்டுபிடிக்க வாட்டர்மார்க் போதும் என்று பேசுபவர்களுக்கும் இது பொருந்தும். 2022-இல் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் ஏ.ஐ. மாடலில் வாட்டர்மார்க் என்பது படம் உருவான பிறகு வரும் தனிப் படி. நிரலில் அந்த அழைப்பை எடுத்துவிட்டால் முடிந்தது.

மெட்டாடேட்டாவை, அதாவது படக் கோப்போடு சேர்ந்து வரும் எழுத்துத் தகவலை, பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐபிடிசி என்ற தரமுறையின் புலங்களில் பெயரும் உரிமமும் எழுதுகிறோம். 2020 முதல் கூகுள் படத்தேடல் அதைப் படித்து உரிமம் பெறலாம் என்று காட்டுகிறது, நேர்மையான வாடிக்கையாளர்கள் அந்த வழியாக வருகிறார்கள். கையொப்பமிட்ட வரலாற்றைச் சேர்க்கும் சி2பிஏ முறையும் நல்லதே. இரண்டும் ஒரு ஸ்க்ரீன்ஷாட்டில் போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் பார்த்த பிறகு நாங்கள் உழைப்பைப் போட்ட இடம் வேறு. படத்துக்குள் எதையும் சேர்க்காமல் படத்தையே அடையாளம் காண்பது. எளிய முறை ஒன்றைச் சொல்கிறேன்: படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி 9-க்கு 8 பிக்சலாகச் சுருக்குங்கள். ஒவ்வொரு வரிசையிலும் பக்கத்துப் பிக்சலைவிட வெளிச்சமா இருட்டா என்று பார்த்தால் 64 பிட் கிடைக்கும். சுருக்கம், சிறிதாக்கல், ஏன், டிஃப்யூஷன் மறுவரைவுகூட இதைப் பெரும்பாலும் அசைப்பதில்லை. படம் பார்க்க அதே படமாக இருக்கும் வரை இந்த எண்ணும் கிட்டத்தட்ட அதுவாகவே இருக்கும். திருடன் படத்தை அதே படமாக வைத்திருக்கத்தான் விரும்புகிறான் என்பது நமக்குச் சாதகம். இது கோட்டைவிடும் இடங்களும் உண்டு. இடம் வலமாகத் திருப்பினால் எண் வேறாகிவிடும், ஆகவே திருப்பிய படத்தின் எண்ணையும் சேர்த்துச் சேமிக்கிறோம். பாதிக்கு மேல் வெட்டினால் உதவாது. அங்கே படத்தின் தனித்தனி இடங்களில் உள்ள அடையாளப் புள்ளிகளை ஒப்பிடும் சிஃப்ட் போன்ற முறைதான் கைகொடுக்கும், மெதுவாக.

அந்த மூத்தவரின் தும்பிப் படம் ஒன்று ஒரு நிறுவனத்தின் போஸ்டரில் வந்தபோது இந்த ஏற்பாடு பரீட்சைக்கு வந்தது. லோகோ இல்லை, மறைந்திருக்கும் குறியும் வாசிக்கப்படவில்லை. 64 பிட் எண்தான் காட்டிக்கொடுத்தது. போஸ்டரில் இருப்பது வேறு படம், உங்களுடையது இல்லை என்று அவர்கள் சாதித்தார்கள். நாங்கள் தளத்தில் எப்போதுமே முழுச் சட்டகத்தை வைப்பதில்லை. நான்கு பக்கமும் கொஞ்சம் வெட்டித்தான் வைப்போம். கேமரா பதிவு செய்த, எதுவும் மாற்றாத ரா கோப்பை எடுத்துக் காட்டினோம். போஸ்டரில் ஓரத்தோடு முடிந்துபோன குச்சி, அசலில் இன்னும் நீண்டு போய் அதன் நுனியில் ஒரு காய்ந்த இலையும் இருந்தது. அடுத்தடுத்து எடுத்த படங்களும் இருந்தன, அதே குச்சியில் தும்பி இறக்கையை முன்னால் தாழ்த்தியபடி. முன்னோட்டத்தில் லோகோ இருந்த இடத்தில் மட்டும் போஸ்டரில் இறக்கை நரம்புகள் பொருந்தாமல் ஓடுவதையும் வட்டமிட்டு அனுப்பினோம். உரிமைத் தகவலைத் தெரிந்தே நீக்குவதைத் தடுக்க வேண்டும் என்று 1996-இன் விப்போ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) பதிப்புரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு சொல்கிறது; பல நாட்டுச் சட்டங்களிலும் அது இருக்கிறது. ஆகவே அழித்த தழும்பு தனியாகவே ஒரு குற்றச்சாட்டு. போஸ்டரை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஈட்டுத்தொகை பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ரா கோப்புகளின் ஷா-256 எண்ணை, அதாவது கோப்பில் ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்ணை, கணக்கிட்டு, தேதியோடு வெளியாள் ஒருவரிடம் மின்னஞ்சலாக ஒப்படைத்து வையுங்கள் என்று படக்காரர்களிடம் சொல்கிறேன். நாளைக்கு வழக்கு வந்தால் கோப்பு அன்றே இருந்தது என்று காட்ட உதவும். உரிமம் வாங்குபவர்களுக்கு நாங்கள் தரும் முழு அளவுப் படத்தில் மட்டும் ஆளுக்கொரு கண்ணுக்குத் தெரியாத குறி போடுகிறோம். யார் கையிலிருந்து கசிந்தது என்று அறிய அது பயன்படுகிறது. வாங்கியவர் பெரும்பாலும் அழிக்க முயல்வதில்லை, கசிவு கவனக்குறைவால்தான் நடக்கிறது. பல வாடிக்கையாளர்கள் கூட்டுச் சேர்ந்து தங்கள் பிரதிகளைச் சராசரி எடுத்தால் இந்தக் குறி மங்கிவிடும், தெரிந்தேதான் விட்டிருக்கிறோம்.

உங்கள் வாட்டர்மார்க்கை நீங்களே சோதிக்க விரும்பினால் பெரிய கருவிகள் தேவையில்லை. உங்கள் படம் ஒன்றைத் தரம் 50-இல் ஜேபெக்காகச் சேமியுங்கள், பாதி அளவாக்குங்கள், ஓரத்தில் சில பிக்சல் வெட்டுங்கள், ஒரு டிகிரி திருப்புங்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், மெசேஜில் அனுப்பி இறக்குங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகவும், பிறகு எல்லாவற்றையும் ஒரே படத்திலும் செய்து பாருங்கள். தனித்தனியாகத் தாங்குகிற குறி சேர்த்தால் விழுவதுண்டு. கடைசியாக, படத்தை இடம் வலமாகத் திருப்பியும் பாருங்கள். விளம்பரத்தில் எல்லாவற்றையும் தாங்கும் என்று போட்டிருந்த ஒரு கருவி என்னிடம் விழுந்தது இந்த ஒரு சொடுக்கில்தான்.